இருமல் கேட்ட இடம்

எடிட்டிங் அறையில் திரை வெளிச்சம் மட்டும்தான். காலையில் கல்லூரி அரங்கில் தன் படத்தைப் போட்டபோது, பார்த்தவர்களின் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்திருந்தாள் அந்த மாணவி. இப்போது அதைப் படத்துக்கு அடியில் வைத்து ஓட்டுகிறாள். பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறாள் அவளுடைய அக்கா. படத்தின் நாயகி அவள்தான். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் குபீரென்று வருகிறது. பிறகு திரையில் அக்கா அழுகிறாள், அழுதுகொண்டே இருக்கிறாள். ஸ்பீக்கரில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. ஓர் இருமல். அதைத் தொட்டு இன்னொன்று. கடைசியில் அரங்கமே தொண்டையைச் செருமுகிறது.

“அழுகையில பாதிய எடுத்துடலாம்,” என்கிறான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எடிட்டர் மெதுவாக.

“கிளிசரின் இல்லாம அழுதிருக்கா. ஆபீஸ்ல எல்லாரையும் படத்துக்குக் கூப்பிட்டிருக்கா. வெட்டினா எனக்கு வீட்ல சோறு கிடையாது,” என்று கிசுகிசுக்கிறாள் தங்கை.

“காது கேக்குதுடி எனக்கு.” அக்கா நெருங்கி வந்து திரையை முறைக்கிறாள். “அந்த முதல் இருமல் யாருன்னு நெனச்சே? நான்தான். எப்பதான் முடிப்பாளோன்னு எனக்கே ஆயிடுச்சு. வெட்டு!”

தங்கையின் விரல் பொத்தானை அழுத்தி வெட்டுகிறது, காட்சி மறுபடி ஓடுகிறது. திரையில் அக்காவின் கண்ணில் நீர் திரள்கிறது. அது வழிவதற்குள் படத்தில் அவள் முகத்துக்கு முன்னால் கதவு சாத்திக்கொள்கிறது, காட்சி முடிகிறது. அறையில் யாரும் அசையவில்லை.

“இன்னொரு தடவ போடு,” என்கிறாள் அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.