ஹாம்பர்க்கிலிருந்து ஒன்பதாவது புகார்

"அந்த ஹாம்பர்க்காரன் மறுபடியும் எழுதிட்டானா?"

மதியத் தூக்கம் முடிந்து அலுவலகத்தில் இப்போதுதான் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். சீனாவின் ஷென்ஜென் நகரில் எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுபோல, எல்லோரும் மடக்குக் கட்டிலை மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் கெங் மட்டும் போர்வையைக்கூட மடிக்காமல், வெளிநாட்டுப் புகார்களைக் கவனிக்கும் யுவேலானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதிட்டார் சார். இது ஒன்பதாவது. வழக்கம்போல ஒரு ஸ்டார்தான்."

"படிம்மா. டீ குடிக்கறதுக்கு முன்னாடியே வாங்கிக் கட்டிக்கறேன்."

"'உங்கள் புது மெஷினின் முன்சக்கரம் கதவு நிலைப்படியில் மாட்டிக்கொள்கிறது. நான் போய்த் தூக்கிவிடும்வரை கத்துகிறது. இதை வீடு பெருக்க வாங்கினேனா, இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள வாங்கினேனா?'ன்னு கேக்கறார் சார்."

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கெங்கின் முகத்தைப் பார்த்ததும் இருமினார்கள்.

சிரிக்கிற நேரமில்லைதான். பத்து வருடமாக அந்தக் கம்பெனி வீடு பெருக்கும் ரோபோவைச் செய்து, அடுத்தவர் பெயரை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போதுதான் முதன்முறையாகச் சொந்தப் பெயர். நாற்பதாயிரம் மெஷின்கள் ஐரோப்பாவுக்குப் போக யான்தியான் துறைமுகத்தில் காத்திருந்தன. நாளைக் காலை கப்பல். இந்த முறை பெயர் கெட்டால், மறுபடியும் அடுத்தவர் பெயருக்கே உழைக்க வேண்டியதுதான்.

அதனால்தான் ஒரு வருடமாக ஒவ்வொரு மாதிரியையும் அங்கே சில பேருக்கு முன்கூட்டியே விற்று, கருத்துக் கேட்டுவந்தார்கள். மற்றவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று முடித்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து எழுதும் பெக்கர் மட்டும் விடவில்லை.

"எட்டு தடவ எழுதினான். எட்டும் சரியா இருந்துச்சு. அதுதான் எனக்கு எரிச்சல்," என்றார் கெங். "எந்தக் கதவுல மாட்டுதுன்னு எழுதியிருக்கானா?"

"எழுதல சார். ஆனா போன வாரம் நம்ம ஆப்பை மாத்தினோமே, இப்ப புகார் அனுப்பினா மெஷின் போட்ட வீட்டு வரைபடமும் தானா ஒட்டிக்கிட்டு வந்துடும். இதோ பாருங்க."

கெங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சமையலறை, இரண்டு படுக்கையறை, நீளமான பால்கனி, கூடத்தின் நடுவே ஒரு வட்டம். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பிரிண்ட் எடுத்துக் குடும்மா."

வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது முதலாளி ஷாவ் லியாங் கையில் டீ குடுவையோடு உள்ளே வந்தார். கெங்கின் ஒரே மகளைக் கட்டியவர்.

"மெஷினெல்லாம் துறைமுகம் போயாச்சு மாமா."

"நீங்க ஓட்டிப் பாத்தீங்களா மாப்ளே? எப்படி இருக்கு?"

"உங்க கை வேலைக்கு நான் என்ன சொல்றது? பிரமாதம்."

ஷாவ் அப்படித்தான் சொல்வார். போன வருடம் ஒருநாள், நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் "பிரஷ் சரியில்லை மாமா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். கெங் எழுந்து போய்விட்டார். புத்தாண்டு விருந்துக்கு வரவில்லை. மகள் கூப்பிட்டால் போனைக்கூட எடுக்கவில்லை. மூன்று மாதம் வீடு வீடாக இல்லை. அதிலிருந்து ஷாவுக்கு, மாமனார் செய்வதெல்லாம் பிரமாதம்.

"பெக்கர் வேற மாதிரி சொல்றானே. நிலைப்படியில சக்கரம் மாட்டுதாம்."

"அவன் கிடக்கறான் விடுங்க. முடிவு உங்களோடது மாமா. ஆனா... கப்பல் நாளைக்கு."

கெங் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "கப்பல நிறுத்துங்க," என்றார். "பத்து நாள் குடுங்க. சக்கரம் சின்னது. தப்பு என்னோடதுதான்."

அந்த அறையில் கெங் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நாற்பதாயிரத்தையும் பிரிக்கணுமே சார்!" என்றாள் யுவேலான்.

"பிரிப்போம். பேரு நம்மளோடது இல்ல?"

ஷாவ் மறுபேச்சு பேசாமல் துறைமுகத்துக்குப் போன் போட்டார். இத்தனை பெரிய நஷ்டத்தை ஒரு முதலாளி இவ்வளவு நிம்மதியாக ஏற்றுக்கொண்டு யுவேலான் பார்த்ததில்லை.

போனை வைத்ததும் கெங் சொன்னார்: "இன்னொன்னு மாப்ளே. செப்டம்பர் கண்காட்சிக்கு நானும் ஜெர்மனிக்கு வரேன். அந்த பெக்கர நேர்ல பாத்து ஒரு தடவ கையக் குலுக்கணும்."

ஷாவுக்கு டீ புரையேறியது. "அய்யோ வேணாம் மாமா! அந்த ஊர்ல சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போனா போலீஸக் கூப்பிட்டுடுவாங்க!"

"அப்படியா? சரி, அப்ப சொல்லி அனுப்பறேன். இப்படி வாங்க."

மருமகனின் தோளில் கை போட்டு, ஆள் இல்லாத வெந்நீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"சக்கரத்த நான் பாத்துக்கறேன்னு பெக்கர்கிட்ட சொல்லுங்க," என்றார் மெதுவாக. "கூடத்து நடுவுல இருக்கற மீன்தொட்டிய மட்டும் கொஞ்சம் சுவரோரமா நகர்த்தச் சொல்லுங்க மாப்ளே. நீங்களும் என் பொண்ணும் அந்த வீட்டுக்குக் குடி போன அன்னிக்கு, நான் அதத் தூக்கிட்டு வந்தப்பவே அங்க வெக்காதீங்கன்னு சொன்னேன்."