துவரம்பருப்புக்கு மேல் ஒரு சுழி

பேனா அவர் விரல்களுக்கு நடுவே நின்றுவிட்டது. விழவில்லை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கவாதத்தில் புருஷனுக்குப் பேச்சும் வலது கையும் போய் இன்றோடு பத்தொன்பது நாள். அந்த விரல்கள் இப்போதுதான் கொஞ்சம் அசைகின்றன. கண் திறந்து பார்க்கிறார். ஊட்டினால் வாயைத் திறக்கிறார். உள்ளே இருப்பது அவர்தானா? அது ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தால் போதும்.

"சார், உங்க பேரை எழுதுங்க. எதுனாலும் எழுதுங்க" என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண்.

பேனா ஊர்ந்தது. வளைந்தது. தாளின் உச்சியில், நட்டநடுவில், கோணலாக ஓர் எழுத்து.

உ.

"ஐ! பிள்ளையார் சுழி போட்டுட்டாங்கம்மா!"

அவள் குனிந்து தாளைப் பார்த்தாள்.

இவரா? சாமி பெயரைச் சொன்னாலே சண்டைக்கு வருகிற மனுஷனா சுழி போடுவார்?

முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, எந்தப் பத்திரிகை வந்தாலும் தலையில் உ இருக்கும். அதில் கைவைத்தால் முதலாளி சும்மா விடுவாரா? அந்த ஆத்திரத்தையெல்லாம் வீட்டுக்குச் சுமந்துவந்து, அவள் எழுதிவைத்த மளிகைச் சீட்டில் தீர்த்துக்கொள்வார்.

"ஏட்டி வடிவு, துவரம்பருப்புக்கு எதுக்குட்டி பிள்ளையாரு?"

உ-வின் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் சின்னதாக ஒரு சுருள். நீக்கு என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்லும் குறி அது. பாவி மனுஷன், அடிப்பதையும் அத்தனை அழகாக அடிப்பார்.

அவள் மட்டும் விட்டாளா? மறுமாதம் இன்னும் பெரிதாகப் போட்டாள். அவள் அம்மா கடுதாசியில் போட்டது. அண்ணன் பரீட்சைத் தாளில் போட்டது. ஊரில் யார் எதை எழுதினாலும் முதலில் விழுகிற எழுத்து, அதை இவருக்காக விட்டுவிடுவதா? சுழியும் அடித்தலுமாகப் போகிற சீட்டைப் பார்த்துக் கடை அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சாமான் கட்டுவார்.

என்ன சந்தோஷமான சண்டை அது! ஒரு சீட்டைக்கூட எடுத்துவைக்கவில்லையே.

இப்போது அவரே சுழி போடுகிறார் என்றால், உள்ளே அவர் இல்லை. சின்ன வயதில் யாரோ கைபிடித்து எழுதவைத்தது மட்டும் விரலில் மிச்சம் இருக்கிறது.

"பிள்ளையாரப்பா, இது வேண்டாம். எம் மனுஷனைக் குடுத்திரு. தேங்கா விடலை போடுதேன்" என்று முணுமுணுத்தாள்.

அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது.

கை மறுபடி அசைந்தது.

உ-வின் குறுக்கே ஒரு கோடு. பேனா நடுங்கி நடுங்கி ஓரத்துக்குப் போயிற்று. ஒரு சுருள்.

"ச்சே, அடிச்சிட்டாங்களே." பயிற்சிப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "கவலைப்படாதீங்கம்மா. நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

வடிவு சிரித்தாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்கு விடலை போட்டாள். தேங்காய் நாலாபக்கமும் சிதறி ஓடியது.

"வந்துட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்பதைச் சாமியிடம் சொல்லவில்லை.