தொட்டியில் ஒன்றுமில்லை

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மின்ஹாஜ் திறந்தார். டெங்குக் கணக்கெடுப்புக்கு வந்த சோலையம்மாள் நின்றிருந்தாள்.

“பாய், வீட்டுத் தண்ணியில கொசுப்புழு இருக்கா?”

காலையில்தான் தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்திருந்தார். ஆனால் எதிர்வாசலில் நாலு பெண்கள் காது கொடுத்து நின்றார்கள். படித்தவர் வீட்டிலா என்று தெருவே சிரிக்கும்.

“இல்லம்மா.”

“கோரிப்பாளையத்துல இம்புட்டு வீட்டுலயும் இல்லேங்குறாக. பக்கத்து வீட்டுப் புள்ள சாஜித் மட்டும் டெங்குன்னு ஆஸ்பத்திரியில கெடக்கான்!”

“நீயே வந்து பாத்துக்கயேன்” என்றார் வீறாப்பாக.

“தொறந்து பாக்க எங்களுக்கு உத்தரவு இல்ல பாய். கேட்டு எழுதணும், அம்புட்டுத்தான். இல்லேன்னு எழுதிட்டா மருந்து ஊத்த இந்தத் தெருவுக்கு ஆள் வராது. எழுதிரவா?”

பெண்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுதும்மா.”

அவள் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

கதவைச் சாத்தித் திரும்பினால், மனைவி ஹஃபீஸா தொட்டி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மின்ஹாஜுக்குத் தலை நிமிரவில்லை.

“வெக்கமா இருந்துச்சு, ஹஃபீஸா. பொய் சொல்லிட்டேன்.”

“கேட்டாலே சனங்க உண்மையச் சொல்லிருவாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி, அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தது நீங்கதானேங்க?”