கடைசித் தண்ணீர்ப்பூச்சி

ஏரித் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்க்கிற பெண் என்றுதான் தரகர் மாப்பிள்ளை வீட்டில் மதுரவல்லியைப் பற்றிச் சொல்லியிருந்தார். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பங்குனி முழுக்கத் தம்ளருக்குள் கடுகைவிடச் சிறிய பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பிறகு மீன்கள் குஞ்சு பொரித்தன. கண்ணும் வாயுமாக மட்டுமே இருந்த அந்தக் குஞ்சுகள், பூச்சிகளில் பெரியவையாகப் பொறுக்கித் தின்று ஏரியையே துடைத்துவிட்டன. இன்று காலை முழுக்க வலைத்துணியில் வடிகட்டியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. முதுகில் முட்டை வேறு. அதைத் தம்ளரில், தெளிந்த கிணற்றுத் தண்ணீரில் விட்டு, கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள். பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

அவள் கூடத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை தங்கராசு காலித் தம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ, குடிச்சிட்டீங்களா? ஏரியில கடைசியா மிஞ்சின ஒரே பூச்சி அதுல இருந்துச்சுங்க!”

அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகம் வெளுத்தது.

“ஒண்ணுதானே?”

“ஒண்ணு போதும். அதுக்கு ஆம்பளைத் துணையே வேணாம். தானாவே பெருகி ஏரியை நிரப்பிடும்.”

தங்கராசு வயிற்றைத் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்து போய் வாசல் வெயிலில் நிமிர்ந்து நின்றான்.

“ஏதாவது துள்ளுதான்னு பாருங்க.”

மதுரவல்லி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை, அவசரமே இல்லாமல் பார்க்க ஆரம்பித்தாள்.