றொவீனா வீட்டுப் படலை

றொவீனாவின் படலையைத் திறந்து அவர் உள்ளே போவதை ஐறிஸ் இன்றும் பார்த்தாள். உடனே வேலியோரம் ஓடினாள்.

"சுனாமி முகாமில இருந்து என்ட கையால திண்ட மனிசன், பீற்றிஸக்கா! இப்ப அவருக்கு அவள் கேக்குது."

பக்கத்து வீட்டு பீற்றிஸ் நெஞ்சில் சிலுவை போட்டாள். "கோயில் பாதரிட்டச் சொல்லுகா. கூப்பிட்டுக் கண்டிப்பார்."

"வேணாம். முகாமில நிவாரணப் பாசல் தந்தாங்களே, பிடிக்குதா எண்டு ஆராவது கேட்டாங்களா? சண்டையும் முடிஞ்சு இப்பதான் சனம் பிடிச்ச இடத்துக்குப் போகுது. அவரும் போகட்டும். திருப்பி இழுக்கிறது என்ட கெட்டித்தனம்."

"கட்டின புருசனை இப்பிடியா விடுவாய்?"

"புருசனோ? மொறிஸ் குசினிக்குள்ள தேங்காய் திருவுறார். நான் சொல்றது நம்மட பாதரை! றொவீனாவும் என்னைப்போல அப்பக்கடை போட்டிட்டாள். அங்கதான் வாங்குறார்."

பீற்றிஸ் வாயைப் பிளந்தாள். "போன ஞாயிறு பூசையில, போட்டி வியாபாரம் பாவமெண்டாரே?"

"ஓம்கா. பிரசங்கம் முடிஞ்ச கையோட ரெண்டு கடையிலயும் வாங்கி, ஆரிட அப்பம் மொறுமொறுப்பு எண்டு திண்டு பாத்தவரும் அவர்தான்."

ஐறிஸ் அப்பச்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் கத்தினாள்.

"மொறிஸ்! பாலை இன்னும் கெட்டியாப் பிழியுங்க. பாதரை மனந்திருப்ப வேணும்!"