கலவரம் என்று ஒட்டிய தாள்

அரங்கின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் சலசலத்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே, அவர்களுக்காகப் புகைப்படக் கண்காட்சி வைத்திருக்கும் நூலகர் முதல் படத்தின் முன் விறைத்துப்போய் நிற்கிறாள். படத்தின் கீழே அவள் எழுதிய ‘இனப்படுகொலை’யை மறைத்து, ‘கலவரம்’ என்று அச்சடித்த வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. பசை இன்னும் காயவில்லை. “நான்தான் ஒட்டச் சொன்னேன். சின்னப் பசங்க பாக்குறது, எதுக்கு வம்பு? ஒரே ஒரு வார்த்தைதானே மேடம்,” என்கிறார் அரங்க மேலாளர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறுகிறது. படத்தில் சுவரோரமாக நிற்கும் வரிசையில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பவர் அவளுடைய அப்பா. “வீட்டு வாசல்ல வந்து அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டுபோனாங்க சார். கலவரம் பண்றவன் கையில பட்டியல் இருக்குமா?” என்றபடி அவள் தாளில் கை வைக்கிறாள். நகத்தால் சுரண்டச் சுரண்டத் தாள் கீற்றுக் கீற்றாகக் கிழிந்து வருகிறது. மேலாளர் இப்போதுதான் நிமிர்கிறார். “நாளைக்கு இந்த அரங்கம் கிடைக்காது, பாத்துக்குங்க.” “இன்னிக்கு இருக்குல்ல,” என்றபடி அவள் போய்க் கதவைத் திறக்கிறாள்.