தூங்கட்டும் விடுங்க

"பாப்பா, நம்ம வீட்டுக் கதவு என்ன கலரு?"

அந்த ஆள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்.

"பச்சை," என்றது பாயில் கண்மூடிக் கிடந்த குழந்தை.

"ஜன்னல்?"

"அதுவும் பச்சைதாம்ப்பா."

திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். எதிர்ப் பாயில் மகனை மடியில் போட்டிருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசி போட்டதிலிருந்து ஊரையே கூட்டிய பையன் இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். இந்த ஆள் எழுப்பிவிட்டால் மறுபடி யார் சமாதானம் செய்வது?

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து நீள அறை அது. கொசுக்கடியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசியின் பலம் பிள்ளை வளர வளரக் குறைகிறதா, இன்னொரு ஊசி போட்டால் பழையபடி ஏறுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். சம்மதித்த பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலில் துளி ரத்தம், அப்புறம் ஊசி. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும்வரை இந்த அறையில்தான் இருக்க வேண்டும்.

மத்தியான வெயில் நீலத் திரைக்குள் நுழைந்து நீலமாகி அறை முழுக்கத் ததும்பிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் திரை மூச்சு விடுவதுபோல உப்பித் தணிந்தது. பாய்களில் பிள்ளைகள் ஒவ்வொருவராக அடங்கிக்கொண்டிருந்தார்கள், தண்ணீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்கள் மாதிரி. பெரியவர்களும் குரலைத் தாழ்த்திப் பேசி, பிறகு பேசவேண்டியதையே மறந்து, திரையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அந்த ஆளின் குரல் மட்டும் அவ்வப்போது கல் விழுந்த மாதிரி விழும். மூலையில் இருந்த ஒருத்தி அவனுக்கு 'அலாரம்' என்று பேரே வைத்துவிட்டாள். பேக்கரியில் ராத்திரி வேலை முடிந்து நேராக வந்திருக்கிறான் போல. காதோரத்தில் மைதா ஒட்டியிருந்தது. கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன. அவனும் தூங்கவில்லை, பிள்ளையையும் தூங்க விடவில்லை.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, தூங்கட்டும் விடுங்களேன். இப்படி நோண்டிக்கிட்டே இருந்தா குழந்தை என்னத்துக்கு ஆகும்?"

"இதோ, விட்டுடறேம்மா," என்று அசடு வழிந்தான்.

விட்டான். திரை நாலைந்து தரம் மூச்சு விட்டிருக்கும்.

"பாப்பா, சித்தி வீட்டுப் பூனைக்கு என்ன பேரு?"

"அதுக்குத்தான் பேரே இல்லையேப்பா."

அறையில் மெல்லச் சிரிப்புப் பரவியது. "அலாரம் அடிச்சாச்சு," என்றாள் மூலையில் இருந்தவள்.

மடியில் பையன் நெளிந்தான். அவனைப் பாயில் கிடத்தித் தட்டிக்கொடுத்துவிட்டு அவள் எழுந்து, வாசலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸிடம் போனாள். அந்த மனுஷனை வெளியே உட்காரச் சொல்லக் கூடாதா, பெற்ற பிள்ளையை இப்படியா படுத்துவது, இவனைப் போன்றவர்களையெல்லாம் எதற்கு உள்ளே விடுகிறீர்கள் என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

நர்ஸ் அவசரப்படவில்லை. கையிலிருந்த தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்தாள்.

"இந்தச் சோதனைக்கு நாங்க வீடு வீடா போய்க் கேட்டப்ப, யோசிக்காம முதல்ல வந்து நின்னவரு அவருதாம்மா."

"அதுக்காக?"

"மூத்தது ஒண்ணு இருந்திருக்கு. அப்பல்லாம் இந்தப் பக்கம் ஊசியே வரல. ரெண்டு நாள் காய்ச்சல். மூணாம் நாள் மத்தியானம் சூடு கொஞ்சம் தணிஞ்சு, அசந்து தூங்கியிருக்கு. பாவம் தூங்கட்டும்னு வீட்டுல சத்தம் போடாம கதவைச் சாத்திட்டு வந்திருக்காங்க." நர்ஸ் குரலை இன்னும் தாழ்த்தினாள். "அது தூக்கமில்ல, காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? சாயங்காலம் எழுப்பினா எழுந்திரிக்கல."

அவள் திரும்பித் தன் மகனைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வேகமாகப் போய் அவன் நெஞ்சில் கை வைத்தாள். ஏறியது, இறங்கியது. வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அறை சத்தமில்லாமல் இருப்பது உறைத்தது. பேக்கரிக்காரனின் தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. ராத்திரியெல்லாம் துரத்திய தூக்கம் கடைசியில் பிடித்துவிட்டது. மூலையில் இருந்தவளும் தூங்கிப்போயிருந்தாள். அந்த நீலத்தில் விழித்திருந்தது தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவனை எழுப்பலாமா என்று நினைத்தாள். வேண்டாம், பாவம். அவன் கண் திறக்கிறவரை அவன் பிள்ளையைத் தான் பார்த்துக்கொண்டால் ஆயிற்று. முழங்காலால் நகர்ந்து அந்தப் பாய்க்குப் போனாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் எது என்ன நிறம் என்று அவளுக்கென்ன தெரியும்?

குனிந்து, காதோடு கூப்பிட்டாள். "பாப்பா."

குழந்தையின் கண்கள் சட்டென்று திறந்தன. தூக்கத்தின் சுவடே இல்லாத, தெளிந்த கண்கள். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தது.

"மெதுவா பேசுங்க அத்தை, அப்பா தூங்குறாரு. நான் சும்மாதான் கண்ணை மூடிக்கிட்டு இருக்கேன். நெஜமா தூங்கிட்டா, அப்பா கூப்பிடறது கேக்காம போயிடும்ல."